பவர் ஏறாத கண்

“பவரே இல்லாம சும்மா ரெண்டு லென்ஸ் வெட்டிப் போட்டுக் குடுங்கப்பா. டீச்சர் வாயை அடைச்சா போதும் எனக்கு” என்றாள் மகள்.

கண்ணாடிக்காரர் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகு மாட்டிக்கொண்டிருந்தார். திருகு கைநழுவி மேசைக்கு அடியில் உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தவர், தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அப்போது அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

விஷயம் இதுதான். பேத்திக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை நடந்தது. இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னதும், “பலகையை எங்க வெச்சீங்க?” என்று இவள் டீச்சரையே கேட்டிருக்கிறாள். பிறகு கண் டாக்டரிடம் போனார்கள். இடது கண்ணில் ஒரு குறையும் இல்லை. வலது கண்ணுக்கு ப்ளஸ் ஐந்து. கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடிவைக்க வேண்டும், இந்த வயதிலேயே செய்தால் பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் அனுப்பாதீர்கள் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

திருகு கிடைத்துவிட்டது. அதற்கு மேலும் குனிந்திருக்க வழியில்லை.

“டாக்டர் சொன்ன பவரையே போட்டுருவோமேம்மா. சின்னப் புள்ள...”

“நீங்களாப்பா இதைச் சொல்றீங்க?” மகள் சிரித்துவிட்டாள். “கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறியாயிடும், பவர் ஏறும்னு ஊருக்கே பாடம் எடுத்த ஆளு!”

பேத்தி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, அது மூக்கைவிட்டு வழுக்கி வாய்க்கு வருவதைச் சுவர்க்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் சொன்னதில் பொய் இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றுக்கொண்டே, கண்ணாடியைத் தொடர்ந்து போடாதீர்கள் என்று சொன்ன ஒரே கடைக்காரர் இவராகத்தான் இருக்க வேண்டும். “படிக்கும்போது மட்டும் போடுங்க. வீட்டுக்குப் போனா கழட்டி வெச்சிருங்க. கண்ணு தானா வேலை செய்யட்டும்.” வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு நேர்மையான மனிதர் என்று அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது.

அவர் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துத்தான் சொன்னார். இளவயதிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவர். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்ஸை எடுத்து, சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து மாட்டுவது வேலை. ஒரு பையன் முதல்முறை வருவான், சின்னப் பவர். ஓரிரு வருஷம் கழித்துத் திரும்பி வருவான், பவர் ஏறியிருக்கும். பிறகு இன்னும் ஏறியிருக்கும். வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். ஒருவராவது, “எனக்குப் பவர் ஏறவே இல்லை, அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்” என்று படியேறி வந்ததுண்டா? இல்லை. ஆகவே கண்ணாடி போட்டால் பவர் ஏறும். அவருடைய கணக்கு இவ்வளவுதான். அவருக்கே மூன்று முறை ஏறியிருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்படியிருக்கையில்தான் சொந்த மகளுக்கே சீட்டு வந்தது. அவளுக்கும் அப்போது ஐந்து வயது. அவளுக்கும் அதே வலது கண், அதே ப்ளஸ் ஐந்து. கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஒரே பெண். அந்தக் காலத்து டாக்டர், “கண்ணாடியைக் கழட்டவே கூடாது. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, தேவைப்பட்டா நல்ல கண்ணை மூடிப் பார்க்கலாம்” என்றார்.

கண்ணாடிக்காரர் அன்று சாயங்காலம் பின்னறையில் ப்ளஸ் ஐந்து லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். விளிம்பில் மெல்லிசாக, நடுவில் புடைத்துக்கொண்டிருந்த கனமான லென்ஸ். இதை மாட்டிவிட்டால் குழந்தையின் கண் இதற்கு அடிமையாகிவிடும், ஐந்து ஆறாகும், ஆறு எட்டாகும் என்று அவருக்குத் தோன்றியது. அதைத் திரும்ப உறையில் போட்டுவிட்டு ப்ளஸ் இரண்டை எடுத்தார். பாதிக்கு மேல் வேலையைக் கண் செய்யட்டும், மீதியைக் கண்ணாடி செய்யட்டும் என்பது அவருடைய எண்ணம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேறு எந்த அப்பாவும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. மற்ற அப்பாக்களிடம் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் இல்லை.

மகள் அந்தக் கண்ணாடியை எப்படிப் போட்டாள் என்கிறீர்கள்! கழட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கழட்டவே கூடாது. தூங்கும்போதும் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அவள் தூங்கிய பிறகு அவள் அம்மா மெதுவாக எடுத்துவைப்பாள். விழித்ததும் முதல் வேலையாகத் தலையணையைத் தடவிக் கண்ணாடியைத் தேடுவாள். பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற தடிமன் அந்த லென்ஸில் இல்லவே இல்லை. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் அளந்து பார்த்தா வைக்கிறார்கள்? அழுதுகொண்டு வருவாள், மறுநாள் அதையே போட்டுக்கொண்டு போவாள்.

ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் போகவில்லை. எல்லாக் கருவியும் நம் கடையிலேயே இருக்கும்போது அங்கே எதற்கு என்று கண்ணாடிக்காரர் தானே பார்த்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளைக் கடை நாற்காலியில் உட்காரவைத்துப் பவர் பார்ப்பது வழக்கமாயிற்று. பவர் ஏறவே இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா! அஞ்சுல இருந்து அசையல” என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

பவர் ஏறவில்லைதான். பார்வையும் வரவில்லை. வலது கண்ணால் மட்டும் படிக்கச் சொன்னால், சரியான லென்ஸைப் பிடித்தாலும், மேலே இருக்கிற பெரிய எழுத்தைத் தாண்ட முடியவில்லை. போகப் போகச் சரியாகும் என்று அதை ஒதுக்கிவிட்டார். தொழில்காரர் அல்லவா, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் என்ன படிக்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை.

மகளுக்கு ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. சின்ன வயதுப் பேச்சு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கடைசியாக உடல் பரிசோதனை. துணைக்கு அப்பாவும் போனார்.

பரிசோதனை அறையில் இருந்த டாக்டர் அம்மா வலது கண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். “இந்தக் கண்ணுல நோய் ஒண்ணும் இல்லம்மா. சின்ன வயசுல இது தெளிவா பார்க்கவே இல்ல. மூளை இந்தக் கண்ணை நம்பாம விட்டுருச்சு. அப்பவே சரியான கண்ணாடி போட்டிருந்தா வந்திருக்கும். நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்ட.”

“போட்டேன் டாக்டர்!” என்றாள் மகள். “தூங்கும்போதுகூடப் போட்டேன். எங்கப்பாவைக் கேளுங்க.”

டாக்டர் அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அந்த நொடியில்தான் கண்ணாடிக்காரருக்கு முழுவதும் புரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

“ஆமா டாக்டர், போட்டா” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

“அப்படியா?” டாக்டர் அம்மா பெருமூச்சு விட்டார். “சிலருக்குப் போட்டாலும் வராது. என்ன பண்றது?”

மகள் இப்போது ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் ஓட்டியிருக்க வேண்டிய வண்டிகளுக்கு மற்றவர்களை ஏற்றி அனுப்புகிறாள். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில் தூரம் பிடிபடாது; தேநீர் ஊற்றும்போது கெண்டியின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொட்டு வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள், இல்லையென்றால் தட்டில் கொட்டிவிடும். படியிறங்கும்போது அடுத்த படியைக் காலால் தடவிப் பார்ப்பாள். இதையெல்லாம் வேறு யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடிக்காரர் ஒவ்வொரு முறையும் கவனித்தார். ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கினார்.

ஊருக்குச் சொன்ன பாடத்தை அதன்பின் அவர் நிறுத்திக்கொண்டார். உடைந்த சட்டத்தை மாற்ற ஒரு தலைமையாசிரியை வந்தார். பல வருஷமாக அதே பவர். “எப்பவும் போட்டுட்டே இருப்பீங்களா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர். “குளிக்கும்போது மட்டும் கழட்டுவேன்” என்றார் அவர். சட்டம் உடைந்திருக்காவிட்டால் இந்த மனுஷி கடைப்பக்கமே வந்திருக்க மாட்டார். பவர் ஏறாதவர்களுக்குக் கண்ணாடிக் கடையில் என்ன வேலை? ஏறியவர்களை மட்டும் பார்த்துப் பார்த்து உலகமே ஏறிக்கொண்டிருப்பதாகக் கண்ணாடிக்காரர் நினைத்திருக்கிறார். அந்தப் பையன்களுக்கோ வளர்கிற வயது, உடம்போடு கண்ணும் வளர்ந்தது, பவர் மாறியது. சட்டை போட்டதால்தான் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சட்டையைக் குற்றம் சொன்ன கதைதான். இவ்வளவு எளிதாக இருந்தது. அவ்வளவு தாமதமாகத் தெரிந்தது.

இப்போது அந்த மகள்தான் எதிரில் நிற்கிறாள்.

“யோசிச்சுப் பாருங்கப்பா” என்றாள். “என்னைவிட ஒழுங்கா யாரு போட்டிருப்பா? எத்தனை வருஷம் அந்தப் பட்டப்பேரைக் கேட்டு அழுதேன்? என்ன கிடைச்சுது? நம்ம குடும்பத்துக் கண்ணு அப்படி, கண்ணாடிக்கு மசியாது. போதாக்குறைக்கு நல்ல கண்ணை வேற மூடணுமாம். அது தடுக்கி விழறதை நான் பார்த்துட்டு இருக்கணுமா? வராத பார்வைக்காக என் புள்ளைய நான் அழவிட மாட்டேன்.”

கண்ணாடிக்காரர் டாக்டர் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். அவளைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. அவரும் இப்படித்தானே கண்ணால் பார்த்ததை நம்பினார்? அவள் தன் கண்ணையே நம்புகிறாள். அந்தக் கண்ணில் பொய்யை வைத்துத் தைத்தவர் இவர்.

குறுக்குப் புத்தி ஒன்று எட்டிப்பார்த்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, டாக்டர் சொன்ன பவரையே போட்டுக் கொடுத்து, சும்மா கண்ணாடி என்று சொல்லிவிட்டால்? ஒருமுறை குறைத்துப் போட்டு ஏமாற்றியாயிற்று, இந்த முறை நிறையப் போட்டு ஏமாற்றிவிடலாம். பேத்தி பிழைத்துக்கொள்வாள், இவரும் தப்பித்துக்கொள்வார். ஆனால் ப்ளஸ் ஐந்துக்குப் பின்னால் கண் உருண்டையாகப் பெரிதாகத் தெரியும். கடைக்காரன் மகளுக்கு அது தெரியாதா? அது போகட்டும், நல்ல கண்ணுக்கு யார் ஒட்டுப் போடுவது? தாத்தா ஒளிந்து நின்றா போட முடியும்? அம்மா மனது வைத்தால்தான் நடக்கும்.

தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். பழைய சட்டங்களுக்கும் உடைந்த காதுக்கம்பிகளுக்கும் அடியில் ஒரு சின்னத் தகரப்பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு குழந்தைக் கண்ணாடியை எடுத்தார். சிவப்புச் சட்டம், ஒரு பக்கக் காதுக்கம்பி ஒடிந்திருந்தது.

“ஐயோ, இது என்னோடதில்ல?” மகளின் முகம் மலர்ந்தது. “தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பத்திரமாவா வெச்சிருக்கீங்க?”

அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் அதை எடுத்துப்போய்ப் பவர் பார்க்கும் கருவியில் வைத்தார். வலது லென்ஸை நடுவில் நிறுத்தினார். “வந்து பாரும்மா” என்றார்.

“என்னத்தைப் பாக்கறது? என் பவர் எனக்குத் தெரியாதா?”

“பாரு.”

பள்ளி விடுமுறைகளில் அந்தக் கருவியில் விளையாடி வளர்ந்தவள். குனிந்து, இடது கண்ணை வைத்து, பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினாள். பச்சைக் கோடுகள் தெளிவாகிற இடத்தில் நிறுத்தி எண்ணைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சக்கரத்தை முழுவதும் கலைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை திருப்பினாள்.

“ரெண்டுதானே காட்டுது” என்றாள். “இது வலதுதானா?”

“வலதுதாம்மா.”

“அஞ்சுல்ல இருக்கணும்?”

“டாக்டர் அஞ்சுதான் எழுதினாரு. நான்தான் ரெண்டு போட்டேன். கண்ணு பழகட்டும், பவர் ஏறக்கூடாதுன்னு...” ஒரு விரலால் ஒடிந்த காதுக்கம்பியைத் தொட்டார். “நீ ஒழுங்காத்தான் போட்டே. நான் போட்டது தப்பு. உன் கண்ணு மசியாத கண்ணு இல்லம்மா. அதுக்கு யாரும் சரியான கண்ணாடியே குடுக்கல.”

மகள் ஒடிந்த கண்ணாடியைக் கருவியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் போட்டிருக்கீங்க. தெரியாம பண்ணிட்டீங்க, சரி.” நிதானமாகத்தான் பேசினாள். “அந்த டாக்டரம்மா உங்களைப் பாத்தாங்களே, அப்ப? அப்ப உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா” என்றார்.

“சிலருக்குப் போட்டாலும் வராதுன்னு அவங்க சொன்னதை வெச்சுக்கிட்டுத்தான்ப்பா இத்தனை வருஷமா என்னையே சமாதானப்படுத்திட்டு இருந்தேன். இன்னிக்கு எம்புள்ளைக்கும் அதையே பண்ணியிருப்பேன். உங்க கையாலயே பண்ண வெச்சிருப்பேன்.”

“மன்னிச்சிரும்மா” என்றார். அந்தச் சொல் போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

பேத்தி கறுப்புக் கண்ணாடியோடு ஓடிவந்து, “தாத்தா, எனக்கு இதையே குடு” என்றாள். மகள் அதைக் கழட்டி அதனிடத்தில் வைத்தாள். மேசைமேல் கிடந்த டாக்டர் சீட்டை எடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

“உக்காரும்மா. இப்பவே டாக்டர் எழுதினபடி போட்டுத் தர்றேன். கருவியில வெச்சு நீயே சரிபாரு” என்றார்.

“வேணாம்ப்பா. வேற கடையில போட்டுக்கறோம்.”

குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் ஒரே ஒரு படிதான். அதையும் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்கினாள்.

அதன்பின் மாதக்கணக்கில் மகள் வரவில்லை. தொலைபேசியில் பேசினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். கண்ணைப் பற்றி அவளும் பேசவில்லை, கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை. முச்சந்தியில் இருந்த பெரிய கண்ணாடிக் கடையைப் பளபளப்பு ஒன்றுதான் அங்கே சரக்கு என்று காலமெல்லாம் கேலி செய்தவர், இப்போது அதைக் கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிட்டார். நல்ல லென்ஸாகப் போட்டிருக்க வேண்டுமே!

ஒரு விடுமுறை நாள் காலையில் இருவரும் படியேறி வந்தார்கள். பேத்தியின் மூக்கில் நீலச் சட்டக் கண்ணாடி. அதற்குப் பின்னால் இடது கண்ணில் ஒட்டு, ஒட்டின்மேல் யாரோ வரைந்த பூனை. வலது கண் லென்ஸுக்குப் பின்னால் உருண்டையாக, பெரிதாக அவரையே பார்த்தது.

“காதுக்கம்பி ஆடுது. அந்தக் கடை இன்னிக்கு லீவு” என்றாள் மகள். கண்ணாடியைக் கழட்டி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கப் போனபோது உடனே விட்டுவிடவில்லை. “திருகை மட்டும் முடுக்குங்கப்பா. லென்ஸைத் தொட வேணாம்.”

“தொடலம்மா” என்றார்.

திருகுளியை எடுத்தார். லென்ஸில் விரல் படாமல் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துத் திருகை முடுக்கினார். மகள் மேசையோடு ஒட்டி நின்று, வேலை முடிகிற வரைக்கும் அவர் விரல்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்கு மாட்டினாள்.

பேத்திக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் பார்த்து, யாரும் கேட்காமலே, ஒட்டுப் போட்ட முகத்தோடு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்தைப் படித்தாள். இரண்டாம் வரியைப் படித்தாள். அடுத்த வரியில் தடுமாறினாள், கண்ணைச் சுருக்கினாள், அதையும் படித்துவிட்டாள். கண்ணாடிக்காரர் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகளின் வலது கண் ஒருநாளும் அந்த வரி வரைக்கும் வந்ததில்லை.

“போன மாசத்தைவிட ரெண்டு வரி கூட” என்றாள் மகள், யாரிடமோ சொல்வது போல.

பிறகு மகளே தன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். குழந்தை படித்த அந்தப் பலகையைத் தன் வலது கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. கையை எடுத்தாள்.

“வர்றோம்ப்பா” என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் பக்கம் கையை நீட்டினாள். வாசற்படியில் குழந்தைதான் முதலில் இறங்கியது.